பால், மார்பு, மூச்சு: நோய்க்காலத்தில் தாய்ப்பாலூட்டல்

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் தாய்க்கோ பிள்ளைக்கோ உடம்பு சரியில்லாமல் போகும்போது, என்ன நோய், என்ன மருந்து என்பவை தெளிவாகும் முன்னரே பால் கொடுக்கலாமா கூடாதா என்ற கேள்வி எழுந்துவிடுகிறது. வீட்டு மூத்தோர், மருந்துக் கடைக்காரர், சில வேளைகளில் மருத்துவர் ஆகிய அனைவரிடமிருந்தும் கிடைக்கும் எளிய விடை, சில நாட்களுக்கு நிறுத்திவைக்கலாம் என்பதே. கேட்பதற்கு எச்சரிக்கையான விடையாகத் தோன்றும் இது உண்மையில் எச்சரிக்கையானதுதானா, எந்தெந்த நோய்களில் அது சரி, எங்கெல்லாம் பழக்கமும் அச்சமும் மட்டுமே அதற்கு அடிப்படை என்பனவற்றைக் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளுக்குள் திரண்ட சான்றுகளின் துணையோடு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

இக்கேள்வியைச் சுற்றியுள்ள குழப்பத்திற்கு முதற்காரணம், மூன்று தனித்தனிக் கேள்விகள் ஒன்றாகக் கேட்கப்படுவதுதான். நோய்க்கிருமியோ மருந்தோ பாலிலேயே கலந்து வருகிறதா என்பது ஒன்று. மார்பின் தோலிலோ காம்பிலோ உள்ள புண்ணிலிருந்து தொற்றுகிறதா என்பது மற்றொன்று. தாயின் மூச்சு, இருமல், நெருக்கம் ஆகியவற்றால் பரவுகிறதா என்பது மூன்றாவது. பாலில் வரும் ஆபத்திற்குப் பாலை நிறுத்துவதே தீர்வாக இருக்கலாம். மார்பில் உள்ள புண்ணுக்கு அந்தப் பக்கத்தை மட்டும் ஆறும்வரை தவிர்த்தால் போதும். மூச்சில் வரும் நோய்க்கு முகக்கவசமோ சில நாள் இடைவெளியோ வேண்டியிருக்கலாம், ஆனால் அந்த நாட்களிலும் பீய்ச்சியெடுத்த பாலை வேறொருவர் புகட்டத் தடையில்லை. நடைமுறையில் அஞ்சப்படும் நோய்களில் மிகப் பெரும்பாலானவை மூன்றாம் வகையைச் சேர்ந்தவை. அவற்றுக்கு முதல்வகைத் தீர்வை விதிப்பதே காலங்காலமாக நடந்துவரும் பிழை.

நோயுற்ற தாயின் பால் கெட்டுவிடும் என்ற எண்ணம் மிகப் பழையது. பாலைத் தண்ணீரில் விட்டு, அது ஒன்றாகக் கலக்கிறதா, திரிந்து மிதக்கிறதா, அடியில் தங்குகிறதா என்று பார்த்து அதன் குற்றங்களைக் கணிக்கும் முறை சரக, சுசுருத சங்கிதைகளில் விரித்துரைக்கப்பட்டுள்ளது. கிரேக்க மருத்துவர் சொரானஸ் நகத்தின்மேல் ஒரு துளி பாலை விட்டு அது ஓடும் விதத்தைப் பார்க்கச் சொன்னார். தமிழ் வீடுகளில் மாந்தம் என்ற சொல்லின்கீழ் குழந்தையின் வயிற்றுக் கோளாறுகள் பலவும் தாயின் உணவோடும் பாலோடும் இணைத்துப் பார்க்கப்பட்டன. அதனால்தான் பிள்ளைக்கு நோய் என்றால் தாய்க்குப் பத்தியம் விதிக்கப்பட்டது. காய்ச்சலின் சூடு பாலில் இறங்கும், தாய் தலைக்குக் குளித்தால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்பன இன்றும் கேட்கப்படும் கூற்றுகள். இவற்றை முழுவதும் நகையாடித் தள்ளுவதும் முறையன்று, ஏனெனில் தாயின் உடலும் பிள்ளையின் உடலும் பாலால் தொடர்புற்றவை என்ற அடிப்படைக் கணிப்பு சரியானதே. அந்தத் தொடர்பின் திசையைத்தான் அவை தலைகீழாகப் புரிந்துகொண்டன: தாயின் நோய் பாலின் வழியே இறங்கும் என்று அவை அஞ்சின, பெரும்பாலும் இறங்குவதோ நோய்க்கான எதிர்ப்பு.

இதை முதன்முதலாகச் சோதனையில் காட்டியவர் ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிஹ். 1892இல் அவர் எலிகளைக் கொண்டு நடத்திய ஆய்வில் பயன்படுத்திய நஞ்சுகள் தமிழ் வாசகருக்கு அயலானவை அல்ல: ஒன்று குன்றிமணியிலிருந்து கிடைக்கும் ஏப்ரின், மற்றொன்று ஆமணக்கு விதையிலிருந்து கிடைக்கும் ரிசின். சிறுசிறு அளவில் நஞ்சைக் கொடுத்து எதிர்ப்பாற்றல் பெறச்செய்த தாய் எலிகளின் குட்டிகளையும், சாதாரண எலிகளின் குட்டிகளையும் இடம்மாற்றிப் பாலூட்டச் செய்தபோது, எதிர்ப்பாற்றல் உள்ள எலியிடம் பால் குடித்த அயல் குட்டிகள் நஞ்சைத் தாங்கி நின்றன. பாதுகாப்பு கருவிலேயே கிடைப்பதோடு முடிவதில்லை, பாலிலும் வருகிறது என்பது இவ்வாறு உறுதியாயிற்று.

அந்தப் பாதுகாப்பு மனிதரிடத்தில் எப்படி அமைகிறது என்பதற்கான விளக்கம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் கிடைத்தது. ஸ்வீடனைச் சேர்ந்த லார்ஸ் ஹான்சன் 1961இல் தாய்ப்பாலில் உள்ள எதிர்ப்பொருள் குருதியில் உள்ளதினின்று வேறுபட்டது என்று காட்டினார். இன்று அது சுரப்புவகை இம்யூனோகுளோபுலின் ஏ எனப்படுகிறது. தாய் விழுங்கும் கிருமி அவளுடைய குடற்சுவரில் உள்ள நோயெதிர்ப்புத் திட்டுகளில் அடையாளம் காணப்படுகிறது. அங்குப் பயிற்சி பெற்ற வெள்ளணுக்கள் குருதியின் வழியே பயணித்துப் பால்சுரப்பிகளில் குடியேறி, அதே கிருமிக்கு எதிரான பொருளைப் பாலில் சேர்க்கின்றன. மூச்சுப்பாதையில் சந்திக்கும் கிருமிகளுக்கும் இதேபோன்ற வழி உண்டு. தாய்க்குக் காய்ச்சல் தெரியவரும் நாளில் குழந்தை பெரும்பாலும் அந்தக் கிருமியை ஏற்கெனவே எதிர்கொண்டிருக்கும், ஏனெனில் பல வைரஸ் நோய்கள் அறிகுறி தோன்றுவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடுகின்றன. அந்நிலையில் பாலை நிறுத்துவது, தொற்றைத் தடுக்காமல் எதிர்ப்பொருளை மட்டும் தடுப்பதாகிவிடுகிறது. லாக்டோஃபெரின், லைசோசைம் என்னும் புரதங்களும், கிருமிகள் குடற்சுவரில் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் சிறப்புச் சர்க்கரைத் தொடர்களும் இதற்குத் துணைநிற்கின்றன.

இங்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். குழந்தையின் உமிழ்நீர் காம்பின் வழியே உள்ளே சென்று, தாயின் உடல் அதைப் படித்து, அடுத்த வேளையே மருந்தாகப் பாலைத் தயாரிக்கிறது என்ற கதை அண்மைக்காலத்தில் பெரிதும் பரவியுள்ளது. குழந்தையோ தாயோ தொற்றுக்கு ஆளாகும்போது பாலில் வெள்ளணுக்களின் அளவு உயர்கிறது என்று மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் கண்டறிந்தது உண்மை. ஆனால் உமிழ்நீரே அதற்குத் தூதுவன் என்பது இன்னும் கருதுகோளாகவே உள்ளது. தாய்ப்பால் தன் தகுதிக்கு இத்தகைய அலங்காரங்களை வேண்டி நிற்கவில்லை.

தாயின் நோய்களை இனி வரிசைப்படுத்திப் பார்க்கலாம். சளி, இருமல், ஃப்ளூ, டைஃபாய்டு, மலேரியா, சிறுநீர்த் தொற்று, வயிற்றுப்போக்கு ஆகிய எதுவும் பாலூட்டலை நிறுத்தக் காரணமாகா. தாயின் உடற்சூடு பாலைக் கெடுப்பதுமில்லை. டெங்கு வைரஸ் பாலில் காணப்பட்ட நிகழ்வுகள் பதிவாகியுள்ளன என்றாலும், நிறுத்தவேண்டும் என்ற பரிந்துரை எழவில்லை. அந்நோயில் தாய்க்கு நீர்ச்சத்துக் குறையாமல் காப்பதே முதன்மையானது. ஹெபடைடிஸ் பி உள்ள தாய்க்குப் பிறக்கும் குழந்தைக்கு முதல் 24 மணி நேரத்திற்குள் தடுப்பூசியும், கிடைக்குமிடத்தில் அதற்குரிய இம்யூனோகுளோபுலின் ஊசியும் போடப்பட்டால் பாலூட்டுவதில் தடையில்லை. ஹெபடைடிஸ் சி நோயிலும் அவ்வாறே. காம்பு வெடித்துக் குருதி கசியும் நாட்களில் மட்டும் விலக்கு. தொழுநோய்க்கான கூட்டு மருந்தில் உள்ள குளோஃபசிமின் பாலின் வழியே குழந்தையின் தோலைச் சற்றே கருக்கச் செய்யலாம், மருந்து முடிந்ததும் நிறம் மெல்லத் திரும்பும். இதை முன்கூட்டியே சொல்லாததால் அஞ்சிப் பால் நிறுத்தப்படுவது தவிர்க்கக்கூடிய இழப்பு.

அம்மை நோய் தனியே நோக்கத்தக்கது. வேப்பிலை கட்டிய வீட்டில் தாயும் பிள்ளையும் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு மரபு ஒரு விலக்கலைச் சொல்கிறது. மருத்துவமும் ஒரு குறிப்பிட்ட காலத்திற்கு விலக்கலையே சொல்கிறது. பிரசவத்திற்கு ஐந்து நாள் முன்னிருந்து இரண்டு நாள் பின்வரை தாய்க்குச் சின்னம்மை கொப்புளம் தோன்றினால், அவளிடமிருந்து எதிர்ப்பொருள் சென்று சேரும் முன்பே கிருமி குழந்தையை அடைந்துவிடுவதால், பிறந்த சிசுவுக்கு நோய் உயிராபத்தாக மாறக்கூடும். குழந்தைக்கு உரிய இம்யூனோகுளோபுலின் ஊசி தேவைப்படுகிறது, கொப்புளங்கள் காய்ந்து பொருக்காகும்வரை தாயைத் தனியே வைப்பதும் வழக்கம். ஆனால் விலக்கப்படுவது தாயின் தோலும் மூச்சும்தான். மார்பில் கொப்புளம் இல்லாதபோது பீய்ச்சிய பாலைக் குழந்தைக்குக் கொடுக்கலாம். அக்கி போன்ற ஹெர்பிஸ் வகைப் புண்கள் ஒரு மார்பில் இருந்தால் மறு மார்பில் ஊட்டலாம்.

காசநோயின் வரலாறு, பிரித்துவைத்தல் என்ற கருத்தையே மறுபரிசீலனைக்கு உட்படுத்தியது. மருந்துகள் வருமுன் காசநோயாளியை வீட்டிலிருந்து அகற்றிச் சானடோரியத்தில் வைப்பதே விதி. சென்னையில் 1956இல் தொடங்கப்பட்ட காசநோய் மருந்தாய்வு மையம், ஒரு பகுதி நோயாளிகளைச் சானடோரியத்திலும் மறு பகுதியினரை அவர்களுடைய நெருக்கமான வீடுகளிலேயும் வைத்து ஒரே மருந்துகளைக் கொடுத்து ஒப்பிட்டது. 1959இல் வெளியான முடிவு உலகின் காசநோய்க் கொள்கையையே மாற்றியது: வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவில் குணமடைந்தனர், அதைவிட முக்கியமாக, அவர்களோடு வாழ்ந்த குடும்பத்தினருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. மருந்து தொடங்குமுன்னரே தொற்று நிகழ்ந்துவிடுகிறது, மருந்து தொடங்கியபின் பிரிப்பதால் பெரும்பயன் இல்லை என்பதே அதன் உட்பொருள். அந்த ஆய்வு பாலூட்டும் தாய்மாரைப் பற்றியதன்று. எனினும் காசநோய்த் தாய் பிள்ளையைப் பிரிந்திருக்க வேண்டும் என்ற வாதத்தின் அடித்தளம் சென்னையில்தான் ஆட்டங்கண்டது என்று சொல்வது மிகையாகாது. காசநோய்க் கிருமி மூச்சில் பரவுவது, பாலில் அன்று. மார்பிலேயே காசநோய்ப் புண் இருக்கும் அரிய நிலை மட்டும் விதிவிலக்கு. மருந்துக்குக் கட்டுப்படும் காசநோய் உடைய தாய் உடனே சிகிச்சையைத் தொடங்கி, முகக்கவசம் அணிந்து பாலூட்டுகிறாள். குழந்தைக்கு நோய் இல்லை என்று உறுதிசெய்தபின் ஆறு மாதம் ஐசோனியசிட் தடுப்பு மருந்து தரப்படுகிறது. தாய் விழுங்கும் மருந்து பாலில் வருவது சிறிதளவே. அது குழந்தைக்குக் கேடு செய்வதுமில்லை, குழந்தையைக் காக்கப் போதுமானதுமில்லை.

எச்.ஐ.வி. மட்டுமே பாலிலேயே கிருமி வரும் என்ற அச்சத்திற்கு முழுமையான நியாயம் வழங்கிய பெருந்தொற்று. இந்தியாவில் அக்கிருமி முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல் சென்னையில், சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் நடத்திய சோதனையில். அதற்கு ஓராண்டு முன்பே, பிரசவத்திற்குப்பின் ஏற்றிய இரத்தத்தால் தொற்றுண்ட ஒரு தாயிடமிருந்து குழந்தைக்குப் பாலின் வழியே நோய் சென்றது ஆஸ்திரேலியாவில் பதிவாகியிருந்தது. இயல்பாகவே, பாலை அறவே தவிர்க்கும் கொள்கை பல நாடுகளில் உருவாயிற்று. ஆனால் பால் மாவுக்கு வேண்டிய தூய நீரும், அடுப்பும், தொடர்ச்சியான வழங்கலும் இல்லாத இடங்களில் அந்தக் கொள்கை வேறொரு சாவைக் கொண்டுவந்தது. அரசே இலவசமாகப் பால் மாவு வழங்கிய போட்ஸ்வானாவில் 2006ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பெருமழைக்குப்பின் பரவிய வயிற்றுப்போக்கில், பால் மாவு குடித்த குழந்தைகளே பெரும்பாலும் மருத்துவமனைகளை நிறைத்தனர், பலர் இறந்தனர். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஹூசன் கோவாடியாவும் அவருடைய குழுவினரும் 1999இல் வெளியிட்ட முடிவு இன்னும் வியப்பானது: முதல் மூன்று மாதங்கள் தாய்ப்பால் மட்டுமே குடித்த குழந்தைகளைவிட, தாய்ப்பாலோடு வேறு பாலும் நீரும் கலந்து குடித்த குழந்தைகளுக்கே நோய் அதிகம் தொற்றியது. அரைகுறை எச்சரிக்கை முழு அலட்சியத்தைவிட ஆபத்தானதாக இருக்கக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு மருத்துவ வரலாற்றில் குறைவு. கூட்டு மருந்துகள் வந்தபின் நிலை மாறிற்று. உலக சுகாதார நிறுவனம் 2010இல், மருந்து உட்கொள்ளும் தாய் பாலூட்டுவதை ஆதரிக்கும் நிலைப்பாட்டிற்கு வந்தது. பாலூட்டவே கூடாது என்று நெடுங்காலம் சொல்லிவந்த அமெரிக்காவும், கிருமி முழுதும் அடக்கப்பட்ட தாய்மாருக்குத் தொற்று வாய்ப்பு ஒரு விழுக்காட்டிற்கும் கீழ் என்பதை ஏற்று, 2023க்குப்பின் அவர்கள் விருப்பத்தை மதிக்கும் வழிகாட்டலைத் தந்தது. ஜப்பானின் தென்பகுதியில் காணப்படும் எச்.டி.எல்.வி.-1 என்ற கிருமியும், எபோலாவும் இன்றும் நிறுத்தச் சொல்லப்படும் சில நோய்களுள் அடங்கும்.

கோவிட் பெருந்தொற்றின்போது இதே நாடகம் சில மாதங்களுக்குள் மீண்டும் அரங்கேறியது. 2020 ஏப்ரலில் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதெமி தொற்றுடைய தாயைச் சிசுவிடமிருந்து தற்காலிகமாகப் பிரிக்கச் சொன்னது. ஜூலையிலேயே அதை மாற்றிக்கொண்டு, ஒரே அறையில் கவசத்தோடு பாலூட்டலாம் என்றது. உலக சுகாதார நிறுவனம் தொடக்கத்திலிருந்தே பிரிக்க வேண்டாம் என்ற நிலையில் நின்றது.

மார்பே நோயுறும்போது கேள்வி வேறு வடிவம் கொள்கிறது. பால் கட்டிக்கொண்டு மார்பு சிவந்து, குளிர்காய்ச்சல் வரும் நிலையில், அந்தப் பாலைக் குழந்தை குடிக்கலாகாது என்று பலர் எண்ணுகின்றனர். குடிக்கலாம், குடிப்பதைத் திடீரென்று நிறுத்தினால்தான் கட்டு சீழாக மாறும் வாய்ப்பு கூடுகிறது. ஆனால் மருத்துவ அறிவுரையின் மறுபாதி அண்மையில் தலைகீழாகியுள்ளது. வெந்நீர் ஒத்தடமிட்டு, அழுத்தி நீவி, மார்பைக் காலிசெய்தே தீரவேண்டும் என்று பல பத்தாண்டுகள் சொல்லப்பட்டது. தாய்ப்பாலூட்டல் மருத்துவ அகாதெமி 2022இல் வெளியிட்ட நெறிமுறை, அளவுக்கு மீறிப் பீய்ச்சுவது சுரப்பைத் தூண்டி வீக்கத்தைப் பெருக்கும், அழுத்தி நீவுவது திசுவைச் சிதைக்கும் என்று கூறி, வழக்கமான அளவில் ஊட்டுதல், குளிர் ஒத்தடம், வீக்கம் தணிக்கும் மருந்து ஆகியவற்றையே முதலில் வைக்கிறது. ஒன்றிரண்டு நாளில் குறையாவிட்டால் நுண்ணுயிர்க்கொல்லி வேண்டும். சீழ் பிடித்தால் ஊசியால் உறிஞ்சியெடுப்பர். இரு நிலைகளிலும் பாலூட்டல் தொடரலாம்.

சுரப்பை அடக்கும் கலையையும் தமிழ் வீடுகள் அறிந்திருந்தன. மல்லிகைச் சரத்தை மார்பில் வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்ற வழக்கம் வெறும் நம்பிக்கையன்று என்பதை 1988இல் தென்னிந்தியாவிலிருந்து வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று. புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டபோது, சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் அளவை மாத்திரையே அதிகம் குறைத்தது என்றாலும், மார்பு வீக்கத்தையும் சுரப்பையும் அடக்குவதில் மல்லிகை அதற்கு நிகராகவே நின்றது. அந்த மாத்திரையைப் பால் வற்றச்செய்யப் பயன்படுத்துவது அதன் பக்கவிளைவுகளால் அமெரிக்காவில் 1994இல் கைவிடப்பட்டது. இச்செய்தி இங்கு வருவதற்குக் காரணம் உண்டு: பால் எளிதில் வற்றக்கூடிய ஒன்று. வெளியேற்றப்படாத பால் மார்பில் தேங்கினால், சுரப்பைக் குறைக்கும் குறிப்பை அதுவே தருகிறது. தற்காலிகமாக மூன்று நாள் என்று தொடங்கிய நிறுத்தம், பீய்ச்சி எடுக்க யாரும் கற்றுத்தராததால், நிரந்தர நிறுத்தமாக முடிவதன் இயக்கம் இதுவே. நோய்தான் பால் மாவு டப்பா வீட்டிற்குள் நுழையும் அகலமான வாசல். 1992இல் இந்தியா இயற்றிய குழந்தைப்பால் மாற்றுப்பொருள் சட்டம் விளம்பரத்தைத் தடுக்கிறது, இந்த வாசலை அதனால் மூட இயலவில்லை.

மருந்துகளைப் பற்றிய அச்சம் கிருமிகளைப் பற்றிய அச்சத்தைவிடப் பரவலானது. மருந்து உறைகளில் அச்சிடப்படும் எச்சரிக்கை பெரும்பாலும் சட்டப் பொறுப்பைத் தவிர்க்க எழுதப்படுவது. ஆய்வு இல்லாதபோதும் கேடு இருப்பதுபோலவே அது ஒலிக்கும். மருந்தியலார் கையாளும் அளவுகோல் வேறு. தாய் தன் எடைக்கு ஏற்ப உட்கொள்ளும் அளவில் எத்தனை விழுக்காடு, குழந்தையின் எடைக்கு ஏற்பப் பாலின் வழியே அதற்குச் சேர்கிறது என்று கணக்கிடுவர். பத்து விழுக்காட்டிற்குக் கீழ் இருந்தால் பொதுவாக ஏற்கத்தக்கது. அமாக்சிசிலினுக்கு அது ஏறத்தாழ ஒரு விழுக்காடு. இந்த எண்ணையும் கண்மூடிப் பற்றக்கூடாது: பூஞ்சைத் தொற்றுக்குத் தரப்படும் ஃப்ளூகோனசோல் பத்தைத் தாண்டிச் செல்கிறது, ஆனால் குழந்தைகளுக்கே நேரடியாகத் தரப்படும் அளவைவிட அது குறைவு என்பதால் பாதுகாப்பானதாகவே கருதப்படுகிறது. பாரசிட்டமால், இபுபுரூஃபன், பெனிசிலின் வகைகள், தைராய்டு மாத்திரை, இன்சுலின் ஆகியவை ஐயத்திற்கு இடமற்றவை. மயக்க மருந்து கொடுத்த அறுவைக்குப்பின் தாய் நன்கு விழித்து நிலைகொண்டதும் பாலூட்டலாம். எக்ஸ்ரேயால் பாலுக்கு எதுவும் நேராது, சி.டி. ஸ்கேனுக்குச் செலுத்தும் அயோடின் சாயத்தில் ஒரு விழுக்காட்டிற்கும் குறைவே பாலுக்குச் செல்கிறது, அதிலும் ஒரு விழுக்காட்டிற்கும் குறைவே குழந்தையின் குடல் உறிஞ்சுகிறது. ஒரு நாள் பாலைப் பீய்ச்சிக் கொட்டச் சொல்வதற்கு இங்கே அடிப்படை இல்லை.

உண்மையான விலக்குகளும் உண்டு, அவற்றை மழுப்புவது நேர்மையாகாது. புற்றுநோய்க்கான செல்கொல்லி மருந்துகளும், தைராய்டு சிகிச்சைக்கான கதிரியக்க அயோடினும் பாலூட்டலோடு ஒத்துவாரா. அயோடின் சிகிச்சைக்குச் சில வாரம் முன்பே, மார்பகத் திசுவையும் காக்கும்பொருட்டு, நிறுத்த வேண்டும். அமியோடரோன், லித்தியம் போன்றவை சிறப்பு மருத்துவரின் கணிப்புக்குரியவை. கோடீன், டிரமடால் என்னும் வலிநீக்கிகளை உடல் வேகமாக மார்ஃபின் வகைப்பொருளாக மாற்றும் தாய்மார் சிலர் உளர் என்பதால், அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017இல் பாலூட்டுவோர் அவற்றைத் தவிர்க்கச் சொன்னது. மலேரியாவுக்கான பிரைமாகுவின் கொடுக்குமுன் குழந்தைக்கு ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடு உள்ளதா என்று பார்க்க வேண்டும். இவற்றினும் கவனிக்கப்படாத ஒன்று, மூக்கடைப்புக்காகச் சீட்டில்லாமலே விழுங்கப்படும் மாத்திரை. சூடோஎபெட்ரின் ஒரே ஒரு வேளை கொடுத்தபோது அன்றைய பால் சுரப்பு சராசரியாக 24 விழுக்காடு குறைந்ததாக 2003இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு காட்டியது. குழந்தைக்கு நஞ்சாகாத மருந்தும் பாலைக் குறைத்து இழப்பு உண்டாக்கலாம்.

இனிக் குழந்தையே நோயுறும் நிலை. வயிற்றுப்போக்கில் குடலுக்கு ஓய்வு தரவேண்டும் என்று எண்ணிப் பாலை நிறுத்துவது ஒரு காலத்தில் மருத்துவமனைகளின் விதியாகவே இருந்தது. வங்கதேசப் போரின்போது 1971இல் போங்காவ் அகதிகள் முகாமில் திலீப் மஹலநாபிஸ் உப்புச்சர்க்கரைக் கரைசலால் காலராவை எதிர்கொண்டதிலிருந்து, இழந்த நீரை வாய்வழியே ஈடுசெய்யும் சிந்தனை வேரூன்றியது; அதனோடு உணவைத் தொடர்வதா என்ற கேள்விக்கு, ரங்கூனில் நடந்து 1985இல் வெளியான ஆய்வு விடையளித்தது. கரைசலோடு தாய்ப்பாலும் தொடர்ந்து குடித்த குழந்தைகளுக்கு, முதல் நாள் பால் நிறுத்தப்பட்டவர்களைவிட வயிற்றுப்போக்கு குறைவாகவே போயிற்று. கரைசலும் குறைவாகவே தேவைப்பட்டது. வயிற்றுப்போக்கால் பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரை சில நாள் சரியாகச் செரிக்காமல் போகலாம் என்பது உண்மை. அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு வெறும் தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், கிரைப் வாட்டர் எதுவும் வேண்டா; பாலோடு கரைசலும், நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் வீதம் 14 நாள் துத்தநாகமும் போதும்.

மஞ்சள் காமாலையில் பால்மீது வீண்பழி அடிக்கடி விழுகிறது. பிறந்த முதல் வாரத்தில் பால் போதாமல் மலம் குறைவாகப் போகும் குழந்தைக்கு, மலத்தோடு வெளியேற வேண்டிய பிலிருபின் மீண்டும் உறிஞ்சப்பட்டு மஞ்சள் கூடுகிறது; அதற்கு மருந்து நாளொன்றுக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை பாலூட்டுவதே, குளுக்கோஸ் தண்ணீர் அன்று. பிலிருபின் அளவு வரம்பைத் தாண்டினால் ஒளிச்சிகிச்சை தேவை. அப்போதும் பாலூட்டல் தொடரும். நன்றாகக் குடித்து எடை கூடும் குழந்தைக்குச் சில வாரங்கள் நீடிக்கும் மஞ்சள் தீங்கற்ற வகையாக இருக்கலாம். ஆனால் இரண்டு வாரம் கடந்தும் மஞ்சள் மறையாமல், மலம் வெளுத்துச் சுண்ணாம்புபோல் போனால், பித்தநாள அடைப்பு உள்ளதா என்று உடனே பார்க்க வேண்டும். அந்நோய்க்கான அறுவை பிறந்து 60 நாட்களுக்குள் நடந்தால்தான் பயன் மிகுதி.

மூச்சுக்குழாய் நோயில் மூக்கடைத்த குழந்தை மார்பைப் பற்றித் தொடர்ந்து உறிஞ்ச இயலாமல் விட்டுவிட்டு அழும்; அது பாலை வெறுப்பதாகப் பொருள்கொள்ளப்படுகிறது. மூக்கில் உப்புநீர்த் துளிவிட்டுத் துடைத்து, சற்றே நிமிர்த்திப் பிடித்து, குறைந்த அளவில் அடிக்கடி ஊட்டுவதே வழி. மூச்சு மிக வேகமாக இருந்தால் பால் புரையேறும் என்பதால் மருத்துவமனையில் குழாய்வழி புகட்டுவர். புகட்டப்படுவது பெரும்பாலும் பீய்ச்சிய தாய்ப்பாலாகவே இருக்கலாம். இதயக் குறைபாடுள்ள குழந்தைக்குப் புட்டி எளிது என்ற எண்ணமும் தவறு. மார்பில் குடிக்கும்போது குருதியின் ஆக்சிஜன் அளவு புட்டியில் குடிப்பதைவிட நிலையாக இருப்பதாகவே ஆய்வுகள் காட்டுகின்றன. பாட்டிமார் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்திருந்த சங்கு எனும் பாலாடை, இன்று குறைமாதச் சிசுக்களுக்கான பிரிவுகளில் புட்டிக்கு மாற்றாகப் பயன்படுகிறது. கொதிநீரில் கழுவ எளிது, மார்புக் காம்புக்கும் புட்டிக் காம்புக்கும் இடையே குழந்தை குழம்புவதும் இல்லை. தாயின் பால் கிடைக்காதபோது, 62.5 பாகை செல்சியசில் 30 நிமிடம் சூடாக்கிப் பாதுகாக்கப்பட்ட கொடைப்பால் அடுத்த தேர்வு. ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியை மும்பையின் சயான் மருத்துவமனையில் ஆர்மிடா பெர்னாண்டஸ் 1989இல் தொடங்கினார். குழந்தையின் நோயால் தாய்ப்பாலை அறவே விலக்க வேண்டியது மிக அரிதான பிறவிக் குறைபாடுகளில்தான். பாலில் உள்ள கேலக்டோஸை உடைக்கும் நொதி இல்லாத கேலக்டோசீமியா அவற்றுள் முதன்மையானது. ஃபினைல்கீட்டோனூரியாவில்கூட, குருதிச் சோதனையோடு ஒரு பகுதித் தாய்ப்பால் இடம்பெறலாம்.

இவ்வளவும் கூறியபின், பாலூட்டுபவள் நோயாளி என்பதும் மறக்கத்தக்கதன்று. தொடர்ந்து ஊட்டு என்ற அறிவுரை, குளிர்காய்ச்சலில் நடுங்கும் பெண்ணின்மேல் மேலும் ஒரு கடமையாக இறங்கக்கூடாது. படுத்தபடியே ஊட்டக் குழந்தையை யாராவது அருகில் கொண்டுவந்து கிடத்த வேண்டும், கஞ்சியும் தண்ணீரும் கையில் கொடுக்க வேண்டும், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவளுக்குச் செவிலியர் பால் பீய்ச்சித் தரவேண்டும். இவை இல்லாத இடத்தில் சான்றுகள் அனைத்தும் ஏட்டிலேயே நின்றுவிடும். எல்லாம் கிடைத்தும் தன்னால் இயலாது என்று ஒரு தாய் முடிவெடுத்தால், அம்முடிவு அவளுடையது.

நிறுத்தச் சொல்பவரே காரணம் காட்டக் கடமைப்பட்டவர் என்பதுதான் இதுவரை கண்ட சான்றுகளின் தீர்ப்பு. ஆபத்து பாலிலா, மார்பிலா, மூச்சிலா, எத்தனை நாளைக்கு, அதுவரை பாலைப் பீய்ச்சிச் சுரப்பைக் காப்பது எப்படி என்பவற்றைச் சொல்லாமல் வழங்கப்படும் நிறுத்தல் அறிவுரையைத் தாய்மார் கேள்வி கேட்காமல் ஏற்க வேண்டியதில்லை. குழந்தை குடிப்பதையே நிறுத்திவிட்டால் நிலைமை வேறு. இரண்டு மாதத்திற்குட்பட்ட சிசு நன்றாகக் குடித்துக்கொண்டிருந்துவிட்டுக் குடிக்க மறுத்தால், நிமிடத்திற்கு 60 முறைக்குமேல் மூச்சு வாங்கினால், உடல் சுட்டாலோ சில்லிட்டாலோ, வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் அந்த நேரமே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும்.